போலோன்யாவில் ஒரு கோடை: இத்தாலியைப் பார்க்கவும் சமைக்கவும் விரும்பும் மாணவருக்கு

இத்தாலிக்குப் போகும் மாணவர்களின் வழக்கமான திட்டம் பத்து நாளில் ஏழு ஊர். ரோமில் இரண்டு நாள், ஃபிளாரன்ஸில் ஒன்றரை நாள், வெனிஸில் மதியம் வரை, பீசாவில் சாய்ந்த கோபுரத்தைக் கையால் தாங்குவது போல ஒரு படம். திரும்பி வந்தவரிடம் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் பீட்சா என்பார். இந்த வழிகாட்டி அவருக்கானது அல்ல. ஏழெட்டு வாரம் கையில் இருந்து, ஓர் ஊரில் வாடகை அறை பிடித்து, அந்த ஊர்ச் சந்தையில் காய் வாங்கிச் சமைத்து, வாரத்தில் இரண்டு நாள் மட்டும் ரயிலேறிச் சுற்ற விரும்புகிறவருக்காக எழுதுகிறேன். மாணவனாக இருந்தபோது நான் அப்படித்தான் ஒரு கோடையைக் கழித்தேன். தவறுகளும் நிறையச் செய்தேன், அவற்றையும் சொல்கிறேன்.

முதல் படி: நாட்களை எண்ணுங்கள்

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு, பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும். குறுகிய கால விசாவில் எந்த 180 நாள் காலத்திலும் 90 நாட்களுக்கு மேல் தங்க முடியாது. கோடைக்கு அது தாராளம். 90 நாளைத் தாண்டும் படிப்பு என்றால் தேசிய விசா, வந்திறங்கிய 8 வேலை நாட்களுக்குள் வசிப்பிட அனுமதிக்கு விண்ணப்பம் என்று வேலை பெருகிவிடும். ஆகவே மொழி வகுப்போ சமையல் வகுப்போ, 90 நாளுக்குள் முடிவதாகத் தேர்ந்தெடுங்கள். பள்ளியின் சேர்க்கைக் கடிதம், தங்குமிடச் சான்று, வங்கிக் கணக்கு விவரம், குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு ஆகியவை அடிப்படைத் தேவைகள். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். ஏப்ரல், மே மாதங்களில் நேர்காணல் நேரம் கிடைப்பது குதிரைக் கொம்பு என்பதால் பிப்ரவரியிலேயே தொடங்கிவிடுங்கள்.

இரண்டாம் படி: ஓர் ஊரைத் தேர்ந்தெடுங்கள்

என் பரிந்துரை போலோன்யா. இது பலருக்கு வியப்பாக இருக்கும், ஏனென்றால் அங்கே கொலோசியமும் இல்லை, கால்வாயில் படகுச் சவாரியும் இல்லை. ஆனால் 1088இல் தொடங்கியதாகக் கணக்கிடப்படும், ஐரோப்பாவின் மிகப் பழைய பல்கலைக்கழகம் இருக்கிறது. மாணவர்களால் வாழும் ஊர் அது. ஜூலையில் அவர்கள் சொந்த ஊருக்குக் கிளம்பும்போது அறைகள் காலியாகும். கோடைக்கு மட்டும் உள்வாடகைக்கு விடுவார்கள். அறையைப் பார்க்காமல் முன்பணம் அனுப்ப வேண்டாம். முதல் நான்கைந்து நாள் விடுதியில் தங்கி, நேரில் பார்த்து முடிவு செய்யுங்கள். அறையைப் பார்க்கும்போது கட்டிலைவிட அடுப்பை நன்றாகப் பாருங்கள். ஒரு பெரிய மேசை இருந்தால் அது அதிர்ஷ்டம். ஏன் என்று பின்னால் தெரியும்.

இரண்டாவது காரணம் ரயில். அதிவேக ரயிலில் ஃபிளாரன்ஸ் 40 நிமிடத்துக்குள், மிலான் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம், வெனிஸ் ஒன்றரை மணி நேரம், ரோம் இரண்டே கால் மணி நேரம்.

மூன்றாவது காரணம்தான் உண்மையான காரணம். இத்தாலியர்கள் இந்த ஊருக்குக் கற்றவள், கொழுத்தவள், சிவந்தவள் என்று மூன்று பட்டப் பெயர்கள் வைத்திருக்கிறார்கள். கற்றவள் பல்கலைக்கழகத்தால். சிவந்தவள் செங்கல் கூரைகளாலும் அரசியலாலும். கொழுத்தவள் என்பதற்கு விளக்கம் வேண்டியதில்லை.

ஊருக்குள்ளேயே முதல் வாரம் போய்விடும். தெருவெல்லாம் தூண் தாழ்வாரங்கள், நம் ஊர்த் திண்ணையை நீட்டி மேலே மாடி கட்டியது போல. மொத்தமாக 60 கிலோமீட்டருக்கு மேல் வரும் இவற்றை யுனெஸ்கோ 2021இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஜூலையில் வெயில் 35 டிகிரியைத் தாண்டும்போது அவற்றின் அருமை புரியும். 666 வளைவுகள் கொண்ட தாழ்வாரத்தின் வழியே சான் லூகா குன்றுக் கோயிலுக்கு அதிகாலையில் ஏறுங்கள். சான் பெத்ரோனியோ பேராலயத்தின் தரையில் வானியலாளர் காசினி 1655இல் பதித்த நெடுங்கோடு, 66 மீட்டருக்கு மேல் நீளம். கூரைத் துளை வழியே விழும் சூரிய ஒளி நண்பகலில் அந்தக் கோட்டைத் தொடும். அந்த நேரத்துக்குச் சரியாகப் போய் நில்லுங்கள். 97 மீட்டர் உயர அசினெல்லி கோபுரத்தில் பட்டம் வாங்குமுன் ஏறினால் படிப்பு முடியாது என்பது மாணவர்களின் நம்பிக்கை. பக்கத்தில் சாய்ந்து நிற்கும் காரிசெந்தா கோபுரம் ஆபத்தான நிலைக்கு வந்ததால் 2023 முதல் அசினெல்லியும் மூடப்பட்டது. உங்கள் பட்டத்துக்கு அந்த வகையில் பாதுகாப்பு. கோடை இரவுகளில் மஜ்ஜோரே சதுக்கத்தில் பெரிய திரை கட்டி இலவசமாகப் படம் காட்டுவார்கள். இருட்டுமுன் போனால் நாற்காலி கிடைக்கும்.

மூன்றாம் படி: சந்தையும் சாப்பாட்டு ஒழுங்கும்

வந்த மறுநாளே எர்பே சந்தைக்கும் குவாத்ரிலாத்தெரோ என்ற பழைய கடைத்தெருவுக்கும் போங்கள். ஒரு விதியை மறக்க வேண்டாம்: காயைக் கையால் தொட்டுப் பொறுக்கக் கூடாது. கடைக்காரர் எடுத்துத் தருவார். நான் முதல் நாள் தக்காளியை அமுக்கிப் பார்த்து, ஒரு பாட்டியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். பல்பொருள் அங்காடியில் பிளாஸ்டிக் கையுறை வைத்திருப்பார்கள்; அதை மாட்டிக்கொண்டு எடுத்து, பல இடங்களில் நீங்களே எடைபோட்டு விலைச்சீட்டு ஒட்ட வேண்டும்.

காபியைக் கவுன்ட்டரில் நின்றபடி குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்தால் வேறு விலை. பால் நுரைத்த கப்புச்சினோ காலைக்கு உரியது. மதியச் சாப்பாட்டுக்குப் பின் கேட்டாலும் தருவார்கள், ஆனால் முகம் ஒரு மாதிரி மாறும். உணவகங்களில் பல கடைகள் பகல் இரண்டரை வாக்கில் அடுப்பை அணைத்துவிடும், இரவு ஏழரைக்குத்தான் மறுபடி திறக்கும். பில்லில் கொப்பெர்தோ என்று இருந்தால் அது தலைக்கு வசூலிக்கும் மேசைக் கட்டணம், ஏமாற்று அல்ல. ஜெலாத்தோ (இத்தாலிய ஐஸ்கிரீம்) வாங்கும்போது பிஸ்தா நிறத்தைப் பாருங்கள். மங்கலான பழுப்புப் பச்சை என்றால் நம்பலாம். கண்ணைப் பறிக்கும் பச்சையில் மலை போலக் குவித்திருந்தால் நடையைக் கட்டுங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் போதாது. இறைச்சி இல்லை என்று சொல்லிப் பன்றி இறைச்சித் துணுக்கு தூவி வரும், மீன் வரும். நான் கேட்டு வாங்கிய காய்கறி சூப், மாட்டெலும்புச் சாற்றில் வெந்திருந்தது. "சோனோ வெஜெதாரியானோ" (பெண்கள் "வெஜெதாரியானா") என்று தொடங்கி, "நியென்தே கார்னே, நியென்தே பெஷே, நியென்தே ப்ரோதோ தி கார்னே" என்று இறைச்சி, மீன், இறைச்சிச் சாறு மூன்றையும் பெயர் சொல்லி விலக்குங்கள். போலோன்யாவின் பெருமையான தொர்த்தெல்லினியின் உள்ளே பன்றி இறைச்சி இருக்கும். அதன் பெரிய அக்கா தொர்த்தெல்லோனியில் ரிக்கோத்தா பாலாடைக்கட்டியும் கீரையும் இருக்கும், வெண்ணெயும் சேஜ் இலையும் சேர்த்துத் தருவார்கள். அதைக் கேளுங்கள். பார்மிஜானோ ரெஜ்ஜானோ பாலாடைக்கட்டியைக் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறைபொருள் கொண்டுதான் திரிக்கிறார்கள், ரோமின் பெக்கோரீனோ பாலாடைக்கட்டிக்கு ஆட்டுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுத்தது. அதைச் சாப்பிடுவதா இல்லையா என்பதை ஊரிலேயே தீர்மானித்துவிட்டுப் போனால், அங்கே ஒவ்வொரு வேளையும் மனம் அலைபாயாது.

நான்காம் படி: மாவு

சமையல் வகுப்பு என்று தேடினால் மூன்று மணி நேரத்தில் பாஸ்தா, தீராமிசு, ஒரு கோப்பை திராட்சை மது என்று முடிந்துவிடும் சுற்றுலா வகுப்புகள்தான் முதலில் வரும். வேண்டுமானால் அப்படி ஒரு வகுப்புக்குப் போய் வாருங்கள். ஆனால் கை பழக வேண்டுமானால், ஒரே ஆசிரியரிடம் பல நாள் மாவு தேய்க்கும் வகுப்பாகப் பாருங்கள். போலோன்யாவில் மாவு விரிப்பவரை ஸ்ஃபோல்யீனா என்பார்கள். கடைக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று அவர்கள் வேலை செய்வதைக் காலையில் தெருவிலிருந்தே பார்க்கலாம். இயந்திரம் கிடையாது. பெரிய மரப்பலகை, ஒரு மீட்டர் வரை நீளமான உருளைக் கட்டை, அவ்வளவுதான். கட்டையின் பெயர் மாத்தரெல்லோ. நம் சப்பாத்திக் கட்டை அதன் பக்கத்தில் பொம்மை போல இருக்கும்.

கணக்கு எளிது: 100 கிராம் மாவுக்கு ஒரு முட்டை. மாவு "00" என்று குறியிட்டது, நம் மைதாவைப் போல மென்மையானது. 300 கிராம் மாவைப் பலகையில் குவித்து நடுவில் குழி பறித்து மூன்று முட்டைகளை உடைத்து ஊற்றுங்கள். முள்கரண்டியால் முட்டையைக் கலக்கிக்கொண்டே ஓரத்து மாவைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் குழியின் கரை உடைந்து முட்டை மேசையெல்லாம் ஓடும், எனக்கு ஓடியது. தண்ணீரும் எண்ணெயும் சேர்ப்பதில்லை. பிறகு உள்ளங்கையின் அடிப்பகுதியால் தள்ளி, மடித்து, திருப்பிப் பதினைந்து நிமிடம் பிசையுங்கள். சப்பாத்தி மாவைவிட இறுக்கமாக இருக்கும், முதலில் வறண்டு வெடிக்கும், தண்ணீர் தெளிக்கக் கை துறுதுறுக்கும். தெளிக்காதீர்கள். பத்தாவது நிமிடத்துக்குப் பின் மாவு தானாக வழவழப்பாகும். மூடி வைத்து அரை மணி நேரம் ஓய்வு.

தேய்ப்பதில்தான் நம் கைப்பழக்கம் குறுக்கே வரும். சப்பாத்தியைக் கீழ்நோக்கி அழுத்தித் தேய்க்கிறோம். இங்கே அழுத்தம் முன்னோக்கிப் போக வேண்டும். மாவை நசுக்காமல் நீட்ட வேண்டும். ஒவ்வொரு முறையும் கால் சுற்று திருப்பி, பாதி மாவைக் கட்டையில் சுருட்டி, கைகளை நடுவிலிருந்து ஓரத்துக்கு வழுக்கியபடி உருட்டுவார்கள். விரித்த மாவை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் பின்னால் இருக்கும் கையின் நிழல் தெரிய வேண்டும். மூன்றாவது வாரத்தில்தான் எனக்கு அது ஓட்டையில்லாமல் வந்தது.

பத்து நிமிடம் உலரவிட்டு, தளர்வாகச் சுருட்டி, கத்தியால் ரிப்பன் போல நறுக்கினால் தல்யத்தெல்லே. அகலத்துக்குக்கூட அங்கே ஆவணம் இருக்கிறது: வெந்தபின் 8 மில்லிமீட்டர் என்று 1972இல் போலோன்யா வணிகச் சபையில் பதிந்து வைத்திருக்கிறார்கள். இதனுடன் சேரும் இறைச்சிக் குழம்பான ரகூவின் செய்முறையையும் 1982இல் அதே சபையில் பதிந்தார்கள். வெங்காயம், காரட், செலரி, மாட்டிறைச்சி, பன்றிக் கொழுப்பு இறைச்சி, கொஞ்சம் தக்காளி, திராட்சை மது, இவற்றைச் சிறு தீயில் இரண்டு மூன்று மணி நேரம் கொதிக்க விட வேண்டும். உலகமெங்கும் விற்கும் "ஸ்பகெட்டி போலோன்யீஸ்" அந்த ஊரில் யார் வீட்டிலும் கிடையாது. கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டாம்.

வேக வைக்க ஒரு வாய்ப்பாடு: 100 கிராம் பாஸ்தாவுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், 10 கிராம் உப்பு. புதுப் பாஸ்தா இரண்டு மூன்று நிமிடத்தில் வெந்துவிடும். வடித்த நீரில் ஒரு கோப்பையை எப்போதும் எடுத்து வையுங்கள். சோறு வடித்த கஞ்சியைப் போல அதில் மாவுச்சத்து இருக்கிறது. வெண்ணெயையும் பாலாடைக்கட்டியையும் பிரியாமல் சேர்த்துப் பிடிப்பது அதுதான்.

முட்டையும் சாப்பிடாதவர்கள் வருந்த வேண்டாம். முட்டைப் பாஸ்தா வடக்கின் வழக்கம். தெற்கில் டூரம் கோதுமையை மிக நைசாக அரைத்த மாவும் வெதுவெதுப்பான நீரும் மட்டும்தான். 200 கிராம் மாவுக்குச் சுமார் 100 மில்லி நீர். பிசைந்து, கயிறு போல உருட்டி, சுண்டுவிரல் நக அளவுத் துண்டுகளாக நறுக்கி, மழுங்கிய கத்தியால் இழுத்து, பெருவிரலில் கவிழ்த்தால் சிறு காது போல ஒரெக்கியெத்தே. பாரி நகரத்தின் பழைய பகுதியில் பெண்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து இதைச் செய்து உலர்த்துவதைப் பார்த்தால் வடகம் போடும் மொட்டைமாடி நினைவுக்கு வரும்.

ஐந்தாம் படி: ஒரு நாள் பயணங்கள்

வாரத்துக்கு இரண்டு போதும். ரயில் டிக்கெட்டில் இரண்டு வகை உண்டு. அதிவேக ரயிலுக்கு முன்கூட்டியே வாங்கினால் மலிவு. வட்டார ரயிலுக்கு என்றைக்கு வாங்கினாலும் ஒரே விலை. வட்டார ரயிலின் காகித டிக்கெட்டை ஏறுமுன் நடைமேடையில் உள்ள சிறு இயந்திரத்தில் செருகி முத்திரை குத்த வேண்டும். நான் டிக்கெட் வாங்கியும் முத்திரை குத்தாமல் அபராதம் கட்டினேன். அந்தப் பணத்தில் ஒரு வாரம் சமைத்திருக்கலாம்.

முதலில் ரவென்னாவுக்குப் போங்கள். வட்டார ரயிலில் ஒன்றேகால் மணி நேரம். 547இல் திருநிலைப்படுத்தப்பட்ட சான் வித்தாலே தேவாலயத்தில் பேரரசன் ஜஸ்டினியனும் அரசி தியோடோராவும் பொன்னும் பச்சையுமாகக் கண்ணாடித் துணுக்குகளில் நிற்கிறார்கள். கூட்டம் குறைவு. இந்த ஊரைப் பத்து நாள் பயணிகள் தவறவிடுகிறார்கள்.

அடுத்து மொதெனா, அரை மணி நேரத்துக்குள். அந்தப் பகுதியில் பார்மிஜானோ தயாரிக்கும் ஆலைகளில் முன்பதிவு செய்து காலையில் போனால், செப்புக் கொப்பரையிலிருந்து இரண்டு பேர் துணி கட்டித் தயிர்க்கட்டியைத் தூக்குவதைப் பார்க்கலாம். 40 கிலோ வட்டம் ஒன்றுக்குச் சுமார் 550 லிட்டர் பால். குறைந்தது 12 மாதம் கிடந்தபின், சோதகர் சிறு சுத்தியலால் தட்டி ஒலியைக் கேட்டு உள்ளே வெடிப்பு உண்டா என்று சொல்லிவிடுவார். மொதெனாவின் பாரம்பரியப் பால்சமிக் காடி (வினிகர்) குறைந்தது 12 ஆண்டு, உயர்வகை 25 ஆண்டு, வீட்டுப் பரணில் மரப்பீப்பாய்களில் கிடக்கிறது. கோடையின் கொதிப்பும் குளிர்காலத்தின் உறைவும் சேர்ந்தால்தான் அது பதமாகும். கடையில் மூன்று யூரோவுக்குக் கிடைப்பது வேறு சரக்கு.

ஃபிளாரன்ஸுக்கு இரண்டு தனி நாட்கள் ஒதுக்குங்கள், திங்கட்கிழமை தவிர. அன்று உஃபிஸி ஓவியக்கூடமும், மைக்கேலாஞ்சலோவின் தாவீது நிற்கும் அக்காதேமியாவும் மூடியிருக்கும். பேராலயத்தின் மேல் புருனெலெஸ்கி எழுப்பிய குவிமாடத்துக்கு 463 படி. காலையில் முதல் நேரத்துக்குப் பதிவு செய்யுங்கள். வெனிஸில் பகலில் மட்டும் வந்து போகிறவர்களுக்கு 2024 முதல் குறிப்பிட்ட நாட்களில் நுழைவுக் கட்டணம் உண்டு. நாளைச் சரிபார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மிலானில் லியோனார்தோவின் கடைசி இராவுணவு ஓவியத்தின் முன் 15 நிமிடம்தான் நிற்க விடுவார்கள். அதற்கான டிக்கெட்டைப் பயணத் தேதி முடிவானதுமே தேடத் தொடங்குங்கள்.

மாணவர் சலுகை பற்றி ஒரு கசப்பான தகவல். அரசு அருங்காட்சியகங்களில் 18 முதல் 25 வயது வரையிலான இரண்டு யூரோ டிக்கெட் ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கு. நம் கல்லூரி அடையாள அட்டை அங்கே செல்லாது. மாதத்தின் முதல் ஞாயிறு எல்லோருக்கும் இலவசம், கூட்டமும் அதற்கேற்ப. வத்திக்கான் அருங்காட்சியகம் தனி நாட்டுடையது. அங்கே 25 வயது வரையிலான மாணவருக்கு நாடு பார்க்காமல் சலுகை உண்டு, அட்டையை எடுத்துச் செல்லுங்கள். எந்தத் தேவாலயத்துக்கும் தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும்.

ஆறாம் படி: கடைசிப் பத்து நாள் தெற்கே

ஆகஸ்டு 15 ஃபெர்ராகோஸ்தோ விடுமுறை. அதையொட்டி வடக்கு நகரங்களில் கடைகள் கதவடைத்துக் கடற்கரைக்குப் போய்விடும். அறையைக் காலி செய்ய அதுதான் நேரம்.

ரோமில் கொலோசியம் டிக்கெட் உங்கள் பெயரில், நேரம் குறித்து வரும், முன்பே வாங்குங்கள். அதே டிக்கெட்டில் ரோமன் ஃபோரத்துக்குள் போனதும் மாக்ஸென்டியஸ் பசிலிக்காவைத் தேடுங்கள். அதன் அடியில் பேரரசன் டொமிஷியன் கட்டிய மிளகுக் கிடங்குகளின் எச்சம் இருக்கிறது. யவனரின் மரக்கலம் பொன்னோடு முசிறிக்கு வந்து கறியோடு, அதாவது மிளகோடு, திரும்பியதாக அகநானூறு சொல்கிறதே, அந்தக் கறி வந்து இறங்கிய இடங்களில் ஒன்று இது. அன்றிரவு காச்சோ எ பெப்பே சமையுங்கள்: பெக்கோரீனோ, இடித்த மிளகு, பாஸ்தா வடித்த நீர், வேறொன்றும் இல்லை. மிளகை வறட்டுச் சட்டியில் வாசம் வரும்வரை வறுத்து, பாஸ்தாவைப் போட்டு, அடுப்பை அணைத்து ஒரு நிமிடம் ஆறவிட்டபின்தான் பாலாடைக்கட்டியைச் சேர்க்க வேண்டும். சூட்டோடு போட்டால் கட்டி கட்டியாகத் திரண்டு சவ்வாகிவிடும். ரோமில் குடிநீருக்குக் காசு செலவழிக்க வேண்டாம். தெருவெங்கும் நாசோனி குழாய்களில் நல்ல தண்ணீர் ஓடுகிறது.

நேப்பிள்ஸில் ஒரு மார்கரீத்தா பீட்சா, 485 டிகிரி வரை தகிக்கும் விறகடுப்பில் 90 விநாடிக்குள் வெந்து வரும். மறுநாள் காலை பாம்பெய். தொப்பி, இரண்டு லிட்டர் நீர். திரும்பி வந்து நேப்பிள்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில், பாம்பெயில் 1938இல் தோண்டி எடுத்த இந்தியத் தந்தச் சிற்பத்தைப் பாருங்கள். கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது அது ஏதோ ஒரு வீட்டில் இருந்தது.

அங்கிருந்து சிசிலிக்கு விமானம் வேண்டாம். இரவு ரயிலில் போங்கள். மெஸ்ஸினா நீரிணையில் ரயில் பெட்டிகளையே கப்பலுக்குள் ஏற்றிக் கடக்கும். தூக்கத்திலிருந்து எழுந்து மேல்தளத்துக்குப் போய்க் காற்று வாங்கலாம். பலேர்மோவில் ராஜர் மன்னன் கட்டிய பலத்தீனா சிற்றாலயம், அரபுத் தச்சு வேலைப்பாட்டுக் கூரையும் பைசாந்தியக் கண்ணாடித் துணுக்கு ஓவியமும் ஒரே அறையில். பல்லாரோ சந்தையில் பனெல்லே கேளுங்கள். கடலை மாவில் செய்தது, முட்டையும் இல்லை, பாலும் இல்லை. ஒரு பங்கு கடலை மாவை மூன்று பங்கு நீரில் கட்டியில்லாமல் கரைத்து, உப்பும் பார்ஸ்லியும் சேர்த்து, களி போல இறுகும்வரை கிளறித் தட்டில் மெலிதாகப் பரப்பி, ஆறியதும் துண்டாக்கிப் பொரிப்பார்கள். எலுமிச்சை பிழிந்து ரொட்டிக்கு நடுவே வைத்துத் தருவார்கள். பஜ்ஜிக்கும் இதற்கும் உறவு சொல்ல ஆள் தேவையில்லை.

அந்தச் சந்தையில் தமிழ் காதில் விழுந்தால் திடுக்கிட வேண்டாம். இலங்கையிலிருந்து வந்த தமிழர்கள் பலேர்மோவில் பல ஆண்டுகளாக வாழ்கிறார்கள். நகரத்தைக் கொள்ளைநோயிலிருந்து காத்ததாக நம்பப்படும் புனித ரொசாலியாவின் குகைக் கோயிலுக்கு, இந்துக்களும் கத்தோலிக்கர்களுமாக, ஞாயிற்றுக்கிழமைகளில் பெல்லெக்ரீனோ மலையில் நடந்து ஏறுவது அவர்கள் வழக்கம். நீங்களும் ஒரு ஞாயிறு விடியற்காலையில் அவர்களோடு ஏறுங்கள்.

பெட்டி கட்டும்போது

மாத்தரெல்லோ வாங்காமல் வர மனம் வராது. முழு நீளக் கட்டை பெட்டிக்குள் அடங்காது. பெட்டியின் மூலைவிட்டத்தை அளந்து கொண்டுபோய் அதற்குள் வாங்குங்கள். கட்டையையும் காடிப் புட்டியையும் சரக்குப் பெட்டியில் வையுங்கள், கைப்பையில் வைத்தால் விமான நிலையச் சோதனையில் பறிபோகும். ஊரில் முதல் முறை மைதாவில் பிசையும்போது முட்டையை எண்ணிப் போடாதீர்கள். நம் முட்டை பெரும்பாலும் சிறியது. ஓடு நீக்கி எடை போட்டு, 100 கிராம் மாவுக்கு 55 கிராம் வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். மின்விசிறியை அணைத்துவிட்டுத் தேயுங்கள். ஓடவிட்டால் மாவு விரிவதற்குள் ஓரம் காய்ந்து வெடித்துவிடும்.